பம்ப் கொட்டிலில் இருந்த பல்ப்

ஒக்ரோபர் 8, ஞாயிறு

கேத்தலின் தடையைக் கண்டுபிடித்துவிட்டேன். முப்பத்தைந்து ஓம். முப்பத்தாறு வயது மனுசிக்கு இதில் இவ்வளவு சந்தோசமா என்று இவர் கேட்டார். ஓம், இவ்வளவு சந்தோசம்தான்.

வயரிங் வகுப்பில் பதினேழு பேர். பதினாறு பெடியள், நான் ஒருத்தி. முதல் நாள் ஒருவன் தையல் வகுப்பு பக்கத்து அறையில் என்று எனக்கு வழி காட்டினான். இன்று அவனுடைய கணக்குப் பிழை, என்னுடையது சரி. ரஜிதன் சேர் என் கொப்பியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். வோல்ற்றை அம்பியரால் பிரித்தால் தடை, பெருக்கினால் வலு. 230, 6.5 அம்பியர். பெருக்க 1500 வாற் வருகிறது. வீட்டுக்கு வந்து கேத்தலைக் கவிழ்த்துப் பார்த்தேன், அடியில் 1500 என்றே அடித்திருக்கிறது. இத்தனை வருசம் அதில் தேத்தண்ணி வைத்தவள் நான்.

பஸ்ஸால் இறங்கி வரும்போது வடிவம்மாக்காவும் மகள் சிவரூபியும் படலையடியில் நின்றார்கள். எங்கள் வயலுக்கு அங்கால், காட்டோரமாக அவர்களுடைய வீடு. சிவரூபி தையல் ஃபக்ரறியில் வேலை, விடிய ஐந்தரைக்கு மெயின் றோட்டில் ஃபக்ரறி பஸ். அவர்களுக்கு இன்றைய பாடத்தை நடித்தே காட்டினேன்: கரண்ட் பிடித்த ஆளைத் தொடவே கூடாது, தாயென்றாலும் தொடக்கூடாது, மெயினை ஓஃப் பண்ண ஓடவேண்டும். நான் கரண்ட் பிடித்தவள்போல் படலையில் தொங்க, சிவரூபி சிரித்துச் சிரித்து "மெயின், மெயின்" என்று கத்தினாள். வடிவம்மாக்கா சொன்னா, "படிச்சு முடிச்சதும் எங்க வீட்டு லைட்ட வந்து பாரு தங்கச்சி, மினுக்கு மினுக்குங்குது."

பார்த்துத் தருவேன். அவதான் என் முதல் வாடிக்கை.

ஒக்ரோபர் 15, ஞாயிறு

வீட்டு வேலை: மீற்றரில் ஒரு சின்னச் சிவப்பு லைற்று மினுங்கும். ஒரு மினுக்கத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் எத்தனை விநாடி என்று எண்ணி, 2250ஐ அதால் பிரித்தால் அந்த நேரம் வீடு இழுக்கிற வாற். எங்கள் மீற்றர் மாதிரிக்கு இதுதான் குறுக்குவழி என்றார் சேர். எல்லாவற்றையும் நிற்பாட்டினால் லைற்று மினுங்கவே கூடாது.

ஒக்ரோபர் 16, திங்கள்

விடிய நாலே முக்காலுக்கு எழும்பி, பிரிட்ஜ் பிளக்கைக்கூடக் கழற்றிவிட்டு மீற்றருக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தேன். மினுங்கியது. இரண்டரை நிமிடம் கழித்து மறுபடியும் மினுங்கியது.

15 வாற். அம்பியர் 0.065. தடை 3500க்குக் கிட்ட.

யார் இழுக்கிறது? எல்லாம் ஓஃப். திரும்ப ஆறு மணிக்கு எண்ணினேன். பத்து நிமிடம், ஒன்றும் இல்லை.

ஒக்ரோபர் 17

இன்றும் அப்படியே. ஐந்து மணிக்கு முன்னம் 15 வாற், பிறகு பூச்சியம். பேய்க்கும் நேரசூசி இருக்கிறது போல.

ஒக்ரோபர் 19, வியாழன்

இவர் பன்றி இறைச்சி கொண்டுவந்தார். ஆரோ அடிச்சவை, பங்கு தந்தவை என்றார். ஆர் என்று நான் கேட்கவில்லை. மிளகு கூடப் போட்டுப் பிரட்டல் கறி வைத்தேன், இரண்டுதரம் போட்டுச் சாப்பிட்டேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை என்று சட்டியை வழித்தும் விட்டேன்.

ஒக்ரோபர் 22, ஞாயிறு

வகுப்பில் என் பேயைப் பற்றிச் சொன்னேன். பெடியள் சிரித்தார்கள். ரஜிதன் சேர் சிரிக்கவில்லை. "எங்கையோ ஒரு பல்ப் மங்கலா எரியுது அக்கா, உங்களுக்குத் தெரியாமல்," என்றார்.

வந்து உடுப்பும் மாற்றாமல் வளவு முழுக்கத் தேடினேன்.

ஒக்ரோபர் 23

கண்டுபிடித்தேன்.

பம்ப் கொட்டிலுக்குள், உரச்சாக்குக்குப் பின்னால், 60 வாற் குண்டு பல்ப் ஒன்று. விடிய நாலே முக்காலுக்குப் போய்ப் பார்த்தேன். அணையப்போகிற கொள்ளிக்கட்டை மாதிரிச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அதிலிருந்து வயர் வெளியே போகிறது. கச்சான் கடலைத் தோட்டத்தின் ஓரத்தால், காட்டுப்பக்க வரம்பு முழுக்க, முழங்கால் உயரத்தில் கம்பி. ஒரு உடும்பு அதற்குக் கீழே செத்துக் கிடந்தது. உடம்பில் ஒரு காயமும் இல்லை.

தேத்தண்ணியை இவருக்கு முன்னால் வைத்துவிட்டுக் கேட்டேன். ஒளிக்கவில்லை. போன முறை ஒரே ராவில் பன்றி கிளறின ஒன்றரை ஏக்கரை நீரும் பார்த்தனீர்தானே என்றார். பார்த்தேன். அன்றைக்கு இவர் வரம்பில் இருந்து அழுததையும் பார்த்தேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அழுததைப் பார்த்தது அந்த ஒருநாள்தான்.

"நான் களவுக் கரண்ட் எடுக்கேல்லை. போஸ்ற்றில கொளுவேல்லை. எங்கட மீற்றராலதான் போகுது," என்றார். நேர்மையானவராம். அந்த நேர்மையால்தானே பிடிபட்டீர்கள் என்று வாயில் வந்தது.

பிறகு சொன்னார்: "இடையில பல்ப் போட்டிருக்கு. பல்ப் இருந்தா மனிசரை ஒண்டும் செய்யாது. கிருபனும் அப்பிடித்தான் போட்டிருக்கிறான்."

கிருபன் இவருடைய கூட்டாளி, உழவு மெசின் ஓட்டுகிறவர். அவர் சொன்னால் வேதவாக்கு.

கணக்கைச் செய்து காட்டினேன். 60 வாற் பல்பின் தடை 882. நனைந்த மனிசருடைய தடை ஆயிரம் என்று வை. இரண்டையும் கூட்டி 230ஐப் பிரித்தால் 0.122. ஆளைக் கொல்ல 0.03 காணும் என்று சேர் படிப்பித்திருக்கிறார். இது நாலு மடங்கு.

இவர் கொப்பியைப் பார்க்கவே இல்லை. "காட்டுப்பக்கம் ஆர் நடக்கிறது, கௌசலா?" என்று மட்டும் கேட்டார்.

உண்மைதான், ஒருவரும் நடப்பதில்லை.

கச்சான் கிண்டுமட்டும் என்று ஒத்துக்கொண்டேன். என் நிபந்தனைகள்: பல்பைக் கழற்றக்கூடாது. விடிய ஐந்து மணிக்கு ஓஃப். தலையாட்டினார். ஆருக்கும் சொல்லாதையும் என்றார், நானும் தலையாட்டினேன்.

தலையாட்டிவிட்டுப் போய் அரிசி களைந்தேன், ஒன்றும் நடவாததுபோல. அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 5, ஞாயிறு

மழை தொடங்கிவிட்டது. இன்று விடிய எண்ணினேன். 45 விநாடி. 50 வாற். தடை 1058.

நிலம் நனைந்து, புல்லு வளர்ந்து கம்பியில் முட்டுகிறது. பல்ப் இப்போது குசினிக்குப் போடலாம் என்ற அளவுக்குப் பிரகாசமாக எரிகிறது. ஆனாலும் பல்ப் இடையில் இருக்குமட்டும் என்ன மழை பெய்தாலும் 60 வாற்றைத் தாண்டாது. தாண்ட ஏலாது. இதைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன், ஆறுதலாக இருந்தது.

நவம்பர் 14, செவ்வாய்

கந்தசஷ்டி விரதம். இவரும் பிடிக்கிறார், ஒருநேரச் சாப்பாடு. விரதம் முடியுமட்டும் கம்பிக்குக் கரண்ட் குடுக்கமாட்டாராம், உயிர் கொல்லக்கூடாதாம். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

எண்ணினேன். பூச்சியம். இந்த வீட்டில் நிம்மதியாக நித்திரை கொண்டு எத்தனை நாள்.

நவம்பர் 18, சனி

சூரன்போர் பார்க்கக் கோயிலுக்குப் போனோம். வடிவம்மாக்காவும் விரதம், ஆறு நாளும் இளநீர் மட்டும்தானாம். முகம் வாடியிருந்தது, சிரிப்பு வாடவில்லை. லைற்று இன்னும் மினுக்கு மினுக்கு என்கிறது என்று நினைவூட்டினா.

நவம்பர் 19, ஞாயிறு

பாறணை முடித்துவிட்டு இவர் தோட்டத்துக்குப் போனார். நெடுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். அரை ஏக்கர், கலப்பை விட்டு உழுதமாதிரி. பிஞ்சுக் கச்சான் வேரோடு கிடக்கிறது. கம்பி சும்மா இருந்த நாட்களில் வந்து முடித்திருக்கின்றன.

இவர் அழவில்லை. "சாமிக்கெண்டு விட்டன்," என்றார். அழுதிருந்தால் நல்லது என்று எனக்குப் பட்டது.

நவம்பர் 22

குசினிப் பல்ப் பியூஸ் போய் ஒரு மாதம். கடைசியில் இவர் மாற்றிவிட்டார். கேட்காமலே செய்தார். நல்ல வெளிச்சம்.

நவம்பர் 25, சனி

15 விநாடி.

பிழையாக எண்ணினேன் என்று நினைத்துத் திரும்ப எண்ணினேன். 15. இன்னொருதரம். 15.

150 வாற். அறுபதைத் தாண்டாது, தாண்ட ஏலாது என்று இந்தக் கொப்பியில்தானே எழுதினேன்! 60 வாற் பல்ப் இடையில் இருந்தால் 150 வரவே வராது.

அப்ப பல்ப் இல்லை.

குசினியை நிமிர்ந்து பார்த்தேன்.

அந்தப் பல்புக்குக் கீழேதான் மூன்று நாளாகச் சமைக்கிறன். வெளிச்சம் நல்லாயிருக்கு எண்டு இவருக்குச் சொல்லியும் இருக்கிறன். என்ன பொம்பிளை நான்.

நவம்பர் 26, ஞாயிறு

நேற்றுச் சண்டை. பல்ப் இருந்தால் பன்றி உதறிவிட்டுப் போகிறதாம், சாகிறதில்லையாம். மழைக்கு விடியப்புறமும் வருகிறதாம், ஆறு மணிக்குத்தான் ஓஃப் பண்ணுவாராம். இரண்டு நிபந்தனையும் போயிற்று. நான் மெயினை ஓஃப் பண்ணினேன். இவர் எழும்பிப்போய்த் திரும்பப் போட்டார்.

இன்று வகுப்பில் சேரிடம் கேட்டேன். ஒரு வீட்டில் ஒருத்தர் இப்படி நேரே வேலிக்குக் கரண்ட் குடுத்தால், மழைக்காலத்தில் என்ன நடக்கும் என்று. அவர் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எந்த வீடு அக்கா?"

"பாடத்துக்குத்தான் சேர்."

சோக்கட்டியைத் திரும்பக் கையில் எடுத்தார். பிறகு, அப்படி ஒரு வீடு இருந்தால் இன்றைக்கே கழற்றவேண்டும், நாளைக்கு அல்ல என்று பொதுவாக எல்லோருக்கும் சொல்வதுபோலச் சொன்னார். நான் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டேன். நல்ல மாணவி.

டிசம்பர் 1

13 விநாடி.

டிசம்பர் 3, ஞாயிறு

மூன்று நாளாக விடாத மழை. மதகுக்கு மேலால் தண்ணி பாய்கிறது, கிரவல் றோட்டால் ஒருவரும் போகமுடியாது. வகுப்புக்கும் போகவில்லை.

மாலை வடிவம்மாக்கா வந்தா, குடையை மடக்கி ஊன்றிக்கொண்டு. மழை இப்படியே பெய்தால் மகளை எந்த வழியால் பஸ்ஸுக்குக் கூட்டிப்போவது என்று பார்க்க வந்தாவாம். ஃபக்ரறியில் லீவு எடுத்தால் வரவுப் படி போய்விடுமாம். யானை வேறு இறங்கியிருக்கிறதாம். "நான் முன்னால டார்ச் அடிச்சுக்கிட்டு போவேன், அவ பின்னால வருவா. மதகுல தண்ணி வடியலன்னா உங்க வரம்பாலதான் போகணும்," என்றா.

உங்கள் வரம்பு. காட்டுப்பக்க வரம்பு. ஆர் நடக்கிறது என்று இவர் கேட்டாரே.

இவர் விறாந்தையில் இருந்தார். கேட்டுக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. நான் வாயைத் திறந்தேன். சொல்ல வந்ததைத்தான் சொல்லப்போகிறேன் என்று நானே நம்பினேன்.

"அந்த வரம்பால வராதையுங்கோ அக்கா. பாம்பு கிடக்கு. பெரிய புடையன், இவர் ரெண்டு மூண்டு தரம் கண்டவர்."

அவ சிரித்தா. "பாம்புக்குப் பயந்தா நாங்க இந்தக் காட்டுல குடியிருக்க முடியுமா தங்கச்சி? ஆனைக்குத்தான் பயம். பாம்புன்னா பாத்துப் போயிக்கலாம்."

போனபிறகு இவரிடம் சொன்னேன், கேட்டீர்கள்தானே என்று. கேட்டார்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பியைச் சுருட்டுகிறேன், அதுவரை ஐந்து மணிக்கு முன்னம் ஓஃப் பண்ணுகிறேன் என்றார். பிள்ளையார் மேல் சத்தியம் பண்ணினார். நம்பினேன். நம்பாமல் வேறென்ன செய்ய என்று எழுத வந்தேன். செய்ய எத்தனையோ இருக்கிறது. நான் படிக்கிறதே அதைத்தான்.

டிசம்பர் 5

நாலே முக்காலுக்கு ஓஃப் பண்ணினார். நேற்றும் அப்படியே.

டிசம்பர் 6, புதன்

இவருக்குக் காய்ச்சல். விடிய எழும்பவில்லை, ஐந்தே காலுக்கு நான் தட்டி எழுப்பித்தான் ஓஃப் பண்ணினார். அதற்கு முன்னம் எண்ணினேன், 9 விநாடி. 250 வாற். தடை 212. ஒன்றரை மாதத்தில் மூவாயிரத்து ஐந்நூறிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு.

கொட்டிலில் வயரை இப்போதே வெட்டலாம். குறடு என் வகுப்புப் பைக்குள் இருக்கிறது. வெட்டினால் சண்டை, காய்ச்சல்காரனோடு என்ன சண்டை. நாளைக்கு நாலரைக்கு நானே எழும்பி ஓஃப் பண்ணுவேன். ஞாயிறுவரை நாலு நாள்தானே.

டிசம்பர் 12, செவ்வாய்

எழுதவேண்டும்.

வியாழக்கிழமை நான் எழும்பியது ஐந்து பத்துக்கு. காரணம் ஒன்றும் இல்லை. மழைக் குளிர், நித்திரை. குசினி லைற்றைப் போட்டேன். அந்தப் பல்ப். தண்ணி வைக்கமுன்னம் மீற்றரைப் பார்த்தேன், பழக்கம். குசினிப் பல்ப் எரிகிறது, அதற்கு அறுபது கழிக்கவேண்டும் என்று யோசித்து, பல்பை நிற்பாட்டிவிட்டு — கொட்டில் சுவிட்சை நிற்பாட்டவில்லை, பல்பை நிற்பாட்டிவிட்டு — எண்ணத் தொடங்கினேன்.

9. 9. பிறகு 7.

2250ஐ ஏழால் பிரித்தேன். 321. நேற்று 250. மழை கூடவில்லையே, இந்த எழுபத்தொரு வாற் எங்கிருந்து வந்தது என்று நின்று யோசித்தேன். எழுபத்தொன்றைக் கொப்பியில் எழுதப் பேனையும் எடுத்தேன்.

அப்போதுதான் வயல் பக்கமிருந்து சிவரூபி கத்தினாள். "மெயின்! அக்கா, மெயின்!"

அந்த எழுபத்தொன்றுக்கு மிச்சக் கணக்கை நான் செய்யவில்லை. செய்யத் தெரியும்.

இவர் காய்ச்சலோடு பொலிசுக்குப் போனார். தானாகவே போனார். வவுனியாவில் விளக்கமறியலில் வைத்திருக்கிறார்கள்.

டிசம்பர் 14

வடிவம்மாக்கா செத்து எட்டாம் நாள். எட்டுச் செலவுப் படையலுக்கு அவ வீட்டுக்குப் போனேன். ஒருவரும் என்னைப் போகச் சொல்லவில்லை. தண்ணிகூடத் தந்தார்கள்.

சிவரூபி என் பக்கத்தில் வந்து இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நீங்கள் சொன்னமாதிரி நான் தொடேல்ல அக்கா. அம்மா துடிக்கத் துடிக்க, நான் தொடேல்ல."

அவளுடைய கையைப் பிடித்தேன். அவள் விடவில்லை.

"அம்மா குடையை மடக்கி, அதால புல்லை விலக்கி விலக்கிப் போனவா. நீங்கள் பாம்பெண்டு சொன்னதாலதான். இல்லாட்டி நேரே நடந்து போயிருப்பா, கம்பியைக் கண்டிருப்பா. டார்ச்சும் புல்லுக்குள்ளதான் அடிச்சவா." பிறகு கேட்டாள், "அந்தப் பாம்பை நீங்கள் பார்த்தனீங்களோ அக்கா?"

மடக்கின குடை. நடுவில் இரும்புக் கம்பி.

நான் அழுதேன். அழுகையைப் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 16, சனி

லோயரிடம் போய்வந்தேன். இவர் வாக்குமூலத்தில் மனுசிக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். என்னைக் காப்பாற்றுகிறாராம். லோயரும் அதையே பிடித்துக்கொள்ளச் சொன்னார். "மரண விசாரணையில கேட்டால், எனக்குக் கரண்டைப் பற்றி ஒண்டும் தெரியாது எண்டு சொல்லுங்கோ. வீட்டுப் பொம்பிளையள் எண்டால் நம்புவினம்."

பதினாறு பெடியளுக்கு நடுவில் நான் எத்தனை கிழமை இருந்தேன், வீட்டுப் பொம்பிளைக்குத் தெரியாது என்று ஒருவரும் சொல்லிவிடக்கூடாது என்றுதானே.

டிசம்பர் 17, ஞாயிறு

வகுப்பு இருந்தது. போகவில்லை. குசினிப் பல்பைக் கழற்றி மேசையில் வைத்திருக்கிறேன். குப்பி விளக்கில் எழுதுகிறேன். இவரை நினைத்தாலும் அழுகை வருகிறது, அதையும் எழுதத்தான் வேண்டும். ஒரு நாளும் ஆருக்கும் கெடுதல் நினைக்காத மனிசன். நானும் அப்படித்தான் என்று எண்ணியிருந்தேன்.

ஒக்ரோபரிலிருந்து திரும்ப வாசித்தேன். திகதி, விநாடி, வாற், தடை. ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறேன். கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

டிசம்பர் 18, திங்கள்

விடிய ஐந்து பத்து. எல்லாம் ஓஃப். மீற்றருக்கு முன்னால் பத்து நிமிடம் இருந்தேன். ஒருமுறையும் மினுங்கவில்லை.

பத்து மணிக்கு மரண விசாரணை. எனக்குத் தெரியுமா என்று கேட்பார்கள். இந்தக் கொப்பியைக் குடுப்பேன். எழுதி முடித்ததும் கைப்பைக்குள் வைத்துவிடுவேன், பல்பையும்.

அதற்கு முன்னம் சிவரூபியின் வீட்டுக்குப் போகவேண்டும். மதகில் தண்ணி வற்றிவிட்டது, றோட்டாலேயே போகலாம். வேறு ஆரும் சொல்லி அவள் கேட்கக்கூடாது. அந்த வரம்பில் பாம்பு இருக்கவில்லை.